எஞ்சின் நின்றால் படகு எந்தப் பக்கம் போகும்?

"ஐந்து பேர் போகிறோம். நானும் கணவரும், 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள என் மாமியார். யாரும் படகு ஓட்டியதில்லை. ஒரு வாரம் படகு வீட்டில் இருக்க ஆசை. கால்வாய், ஆறு, ஏரி, காயல், இதில் எது நன்றாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எது அழகு என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் வயதையும் மூட்டுவலியையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் கேள்விக்கே வந்திருக்கிறீர்கள். அதனால், ஒன்றும் தெரியாத நாங்கள் ஒரு தப்புச் செய்தால் எந்தத் தண்ணீர் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்பதாகவே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

வாடகைப் படகுகளைப் பயணிகளிடம் ஒப்படைத்து, ஓட்டக் கற்றுக்கொடுத்து அனுப்புவது 18 வருடங்களாக என் வேலை. அதில் பெரும்பகுதி கால்வாயிலும் ஆற்றிலும். ஏரியில் நான்கு சீசன் வேலை பார்த்திருக்கிறேன். கடல் ஏற்ற இறக்கம் உள்ள நீரில் பயணியாக மட்டுமே போயிருக்கிறேன். அதைப் பற்றி நான் சொல்வதற்கு அந்த அளவு எடை கொடுத்தால் போதும்.

முதன்முறை வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். எஞ்சின் நின்றுபோனால் இந்தப் படகு எந்தப் பக்கம் போகும்? கால்வாயில் பெரிதாக எங்கும் போகாது. மெல்ல நகர்ந்து ஏதோ ஒரு கரையில் உரசி நிற்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம். ஆற்றில் நீரோட்டம் இழுத்துப் போகும், பல நேரம் அடுத்த தடுப்பணையை நோக்கி. ஏரியில் காற்று தள்ளிக்கொண்டு போகும். எந்தக் கரையில் சேர்க்கும் என்பது அன்றைய காற்றின் இஷ்டம். கடலோரக் கழிகளில் போகும் திசையே ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். விளம்பரப் படத்தில் இந்த நான்கும் ஒன்று போலவே இருக்கும்: நீலத் தண்ணீர், மொட்டை மாடியில் நாற்காலி, மாலை வெயில். அதனால் முதலில் தண்ணீரை முடிவு செய்யுங்கள். படகை அப்புறம் பார்க்கலாம்.

பெயரை நம்பியும் முடிவு செய்ய வேண்டாம். ஸ்காட்லாந்தில் கலிடோனியன் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. 97 கிலோமீட்டர் நீளம், 1822இல் திறந்தார்கள். அதில் மனிதர் வெட்டிய கால்வாய் மூன்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் ஏரி. அதில் ஒன்றான நெஸ் ஏரியின் ஆழம் 200 மீட்டருக்கு மேல். கால்வாய்தானே என்று நினைத்துப் போகிறவர் பாதிப் பயணத்தை அலையில் கழிக்க நேரும். அயர்லாந்தின் ஷானன் ஆறும் இப்படித்தான். வரைபடத்தில் ஆறு என்று போட்டிருக்கும், வழியில் ரீ, டெர்க் என்று இரண்டு ஏரிகள், ஒவ்வொன்றும் 100 சதுர கிலோமீட்டருக்கு மேல். காற்று அடிக்கும் நாளில் கரையிலேயே காத்திருந்துதான் கடக்க வேண்டும்.

கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நான் முதலில் சொல்லப்போவது அதைத்தான். அலை இல்லை, நீரோட்டம் இல்லாததற்குச் சமம், கரை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். வேகம் நடக்கிற வேகம்தான். பிரிட்டன் கால்வாய்களில் மணிக்கு 6.4 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, படகு கிளப்பும் அலை கரையை அரித்துவிடும் என்பதால். உங்கள் 11 வயதுப் பிள்ளை பக்கத்துப் பாதையில் சைக்கிளில் கூடவே வரலாம், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுவான். பிரான்ஸின் தெற்கே கனால் டு மிடி 1681இல் முடிந்தது, 240 கிலோமீட்டர். சரக்குப் போக்குவரத்துக்கு வெட்டிய அந்த வாய்க்காலில் இன்று பெரும்பாலும் ஓடுவது விடுமுறைப் படகுகள்தான்.

கால்வாயில் உண்மையான வேலை லாக்கில்தான். நிலம் ஏறி இறங்கும் இடத்தில், இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு கல் தொட்டி. படகு உள்ளே போனதும் கதவைச் சாத்தி, மதகைத் திறந்து, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. ஆனால் கால்வாயில் நான் பயந்த தருணங்கள் எல்லாமே இங்கேதான் நடந்தன. என் முதல் வருடத்தில் ஒரு குடும்பத்தைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். கீழே இறங்கும் லாக். அந்த வீட்டுப் பெரியவர் ரொம்பப் பொறுப்பானவர். படகு நகரக் கூடாதே என்று கரையில் இருந்த இரும்புக் குற்றியில் கயிற்றை நன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். நான் முன்பக்கம் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிய வடிய படகு இறங்க வேண்டும், இறங்கவில்லை. கயிறு நரம்பு போல விறைத்து 'முறுக், முறுக்' என்று சத்தம் கொடுத்தது. ஒரு பக்கம் தொங்க, மறுபக்கம் சாய, சமையலறையில் தட்டுகள் சறுக்கி விழும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அந்த எடையில் முடிச்சு அவிழாது. கரைக்குத் தாவி மதகை இறக்கிய பிறகுதான் வடிவது நின்றது. மேல் மதகைத் திறந்து மறுபடி தண்ணீரை ஏற்றித்தான் கயிற்றைக் கழற்ற முடிந்தது. யாருக்கும் அடி இல்லை. பெரியவர் மேல் தப்பே கிடையாது. படகு உள்ளே போகும் முன்னாலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம் அது: லாக்கில் கயிற்றைக் கட்டக் கூடாது, குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, மேல் கதவுக்குக் கீழே வாசற்படி போல ஒரு கல் திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இறங்கும்போது படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் கீழே போய்க்கொண்டே இருக்கும். படகு மூழ்குவதற்கு அது போதும். பல லாக்குகளில் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் படகை நிறுத்துங்கள், எவ்வளவு அவசரமானாலும்.

நாள் கணக்கு போடும்போது எல்லோரும் லாக்கை மறந்துவிடுகிறார்கள். கிலோமீட்டரை 5ஆல் வகுத்து மணி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு லாக்குக்கும் 15 நிமிடம் கூட்டுங்கள். 20 கிலோமீட்டரும் 12 லாக்கும் என்றால் 4 மணியும் 3 மணியும், ஆக 7 மணி நேரம். முன்னால் வேறு படகு நின்றால் இன்னும் கூடும். இங்கிலாந்தில் கேன் ஹில் என்ற இடத்தில் சுமார் 3 கிலோமீட்டருக்குள் 29 லாக். அதை ஏறி முடிக்கவே ஐந்தாறு மணி நேரம். உங்களுக்கு ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டம் போதும். அதற்கு மேல் போட்டால் லாக் கதவைத் தள்ளியே நீங்களும் கணவரும் களைத்துப்போவீர்கள், பிள்ளைகள் உள்ளே செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆள் வைத்து இயக்கும் லாக்கா, மின்சாரமா, நாமே சாவி போட்டுத் திருக வேண்டியதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் கதவு தள்ளக்கூடியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் சுக்கானில் நிற்க வேண்டும்.

ஆற்றுக்கு வருவோம். அகலமான, மெதுவாக ஓடும், அணைகள் கட்டி மட்டம் பிடித்த ஆறுகள் குடும்பத்துக்கு நன்றாகவே பொருந்தும். லாக்குகள் குறைவு, காட்சி விரிவு. ஒரே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் படகு மணிக்கு 8 கிலோமீட்டர் போகும், நீரோட்டம் 3 என்று வையுங்கள். எதிர்த்துப் போனால் 5, கூடப் போனால் 11. அதாவது கீழ்நோக்கிப் போகும்போது கரை வேகமாக ஓடிவரும், நிறுத்தத் தூரமும் அதிகம் வேண்டும். அதனால் கரை பிடிக்கும்போது எப்போதும் படகின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிக்கொள்ளுங்கள். எஞ்சினை லேசாக முன்னே தள்ளி நின்ற இடத்திலேயே நின்றபடி பக்கவாட்டில் கரையை நெருங்கலாம். ஆரம்பத்திலேயே இதைப் பழகியவர்கள் மிச்ச நாளெல்லாம் நிம்மதியாக இருப்பார்கள்.

ஆற்றில் நம் கையில் இல்லாதது மழை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலாக இருக்கும், 200 கிலோமீட்டர் மேலே பெய்தது மூன்றாம் நாள் வந்து சேரும். மட்டம் ஏறினால் ஓட்டம் கூடும், பாலத்துக்கும் படகுக் கூரைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறையும், மரக்கட்டைகள் மிதந்துவரும். ஆஸ்திரேலியாவின் மரே ஆறு படகு வீட்டுக்குப் பேர்போனது, வழக்கமாக அவ்வளவு சாதுவான நீர். 2022 இறுதியில் 1956க்குப் பிறகு இல்லாத வெள்ளம் வந்து, தென் ஆஸ்திரேலியப் பகுதியில் பொழுதுபோக்குப் படகுகள் ஆற்றில் இறங்கவே தடை போட்டார்கள். முன்பதிவு செய்யும்போது, ஆறு மூடப்பட்டால் பணம் திரும்புமா, தேதி மாறுமா, வேறு நீருக்கு மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஏரியில் சொந்தமாகப் படகு வீடு ஓட்டுவதை முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே எடை போட்டுப் பாருங்கள். படகு வீடு என்பது தட்டையான அடியின் மேல் வைத்த உயரமான பெட்டி. தண்ணீருக்குள் இருப்பது கொஞ்சம், காற்றில் நிற்பது அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் உங்கள் சொல் கேட்ட படகு மதியம் கேட்காமல் போவது அதனால்தான். ஏரி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அலையும் வளரும். பல பெரிய ஏரிகளில் காலை அமைதி, பிற்பகல் காற்று என்ற ஒழுங்கு உண்டு. அதனால் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் கட்டிவிடுவது நல்ல பழக்கம். அலையின் தலையில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால், புதியவர்கள் அன்று கிளம்ப வேண்டாம். வானிலைச் செயலியைவிட இந்த நுரையை நான் அதிகம் நம்புவேன்.

ஏரியின் பலம் இன்னொரு பக்கம். தளம் சமமாக இருக்கும், அறைகள் பெரிது, லாக் இல்லை, ஒரு கரையில் கட்டிப்போட்டால் மூன்று நாள் நகராமல் நீந்தலாம், மீன் பிடிக்கலாம். அமெரிக்காவின் பாவெல் ஏரி இதற்குப் பெயர் பெற்றது. கொலராடோ ஆற்றில் அணை கட்டி உண்டான நீர்த்தேக்கம், நிறைந்திருக்கும்போது கரை நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் நீர்த்தேக்கத்தின் மட்டம் யாரோ எங்கோ திறக்கும் தண்ணீரைப் பொறுத்தது. 2023 தொடக்கத்தில் அங்கே மட்டம் முழுக் கொள்ளளவுக்கு 50 மீட்டருக்கும் கீழே போயிருந்தது. படகு இறக்கும் சரிவுகள் பல தண்ணீர் எட்டாமல் நின்றன. பழைய புகைப்படத்தில் பார்த்த விரிகுடா இன்று பாறையாக இருக்கலாம். எந்த நீர்த்தேக்கத்துக்குப் போனாலும் அந்த மாதத்து மட்டத்தைப் பாருங்கள்.

ஏரியைப் பேசும்போதே ஒரு எச்சரிக்கை, இது எந்த நீருக்கும் பொருந்தும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெனரேட்டரும் எஞ்சினும் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. படகின் பின்பக்க மேடைக்கு அடியில் அது தேங்கும், அங்கேதான் பிள்ளைகள் நீந்த விரும்புவார்கள். பாவெல் ஏரியிலேயே இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்பக்கம் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தூங்கும் அறையில் அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள், பொத்தானை அழுத்திக் கத்துகிறதா என்றும் பாருங்கள். மாமியார் தலைவலி, குமட்டல் என்றால் படகு ஆட்டத்தால் என்று விட்டுவிடாமல் முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள்.

கடல் ஏற்ற இறக்கம் உள்ள நீரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் நார்ஃபோக் பிராட்ஸ் 200 கிலோமீட்டரில் லாக்கே இல்லாத நீர்வழி. அழகு, அமைதி, பறவைகள். ஆனால் அதன் கடல் முனையான கிரேட் யார்மவுத்தைக் கடக்க, கடலின் ஏற்ற இறக்க ஓட்டம் அடங்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பாட்டர் ஹீகம் என்ற ஊரின் பழைய பாலம் அவ்வளவு தாழ்வு, வாடகைப் படகுகள் பல அதற்குள் நுழையவே முடியாது. லாக்கில் பத்து நிமிடத்தில் நடந்தது இங்கே ஆறு மணி நேரத்தில் நடக்கும்: நீர் நிறைந்திருக்கும்போது இறுக்கிக் கட்டிய கயிற்றில், விடியற்காலை படகு தொங்கிக்கொண்டிருக்கும். எப்போதும் தளர்வு விட்டுக் கட்ட வேண்டும்.

காயல் என்று நீங்கள் எழுதியது கேரளத்து வேம்பநாட்டுப் பக்கம் என்றால், கேள்வியே மாறிவிடுகிறது. நெல் ஏற்றிய கெட்டுவள்ளத்திலிருந்து வந்த அந்தப் படகுகளை ஓட்டுவதும் சமைப்பதும் படகுக்காரர்கள். சுக்கானில் நிற்கும் கவலை உங்களுக்கு இல்லை. சாயங்காலம் மீனவர்கள் வலை விரிப்பதற்கு வழிவிட்டு ஒரு கரையில் கட்டிவிடுவார்கள், இரவெல்லாம் நின்ற இடம்தான். ஸ்ரீநகர் தால் ஏரியின் படகு வீடுகளோ நகர்வதே இல்லை. தண்ணீர் மேல் நிற்கும் வீடு, சிகாரா என்ற சிறு படகில் போய் ஏறிக்கொள்ள வேண்டும். இரண்டும் நல்ல அனுபவம், ஆனால் ஒரு வாரம் தாங்குமா என்பது உங்கள் பிள்ளைகளைப் பொறுத்தது. ஓரிரு இரவுகள் சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். இது அனுமானம்தான், அனுபவமல்ல.

நான் உறுதியாகச் சொன்னவை கயிறு, காற்று, நீரோட்டம், புகை இவற்றைப் பற்றியவை. எந்த ஊரிலும் மாறாது. நீங்கள் போகும் வாரத்தில் மட்டம் எப்படி, கோடையில் தண்ணீர் பற்றாமல் லாக்கைப் பூட்டுவார்களா, பாசியும் ஆகாயத்தாமரையும் படகைத் தள்ளும் அடி ஃபேனில் சுற்றுமா என்பதை நானோ படகு நிறுவனமோ ஆறு மாதம் முன்பு சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஐரோப்பியக் கால்வாய்கள் பல பழுதுபார்க்க மூடப்படும் என்பது மட்டும் நிச்சயம். லைசென்ஸ் விஷயம் நாட்டுக்கு நாடு வேறு. பிரான்ஸில் வாடகைப் படகுக்கு முன் அனுபவம் கேட்பதில்லை, நிறுவனமே பயிற்சி கொடுத்துத் தற்காலிக அட்டை தரும்.

இனி உங்கள் குடும்பத்துக்கு. நீங்களே ஓட்ட ஆசைப்பட்டால், லாக்குக்கு ஆள் இருக்கும் கால்வாய், வழியில் பெரிய ஏரி குறுக்கிடாத பாதை, முதலில் ஒரு வாரம் வேண்டாம், மூன்று அல்லது நான்கு இரவு. போய்த் திரும்புகிற பாதையாக இருந்தால், களைப்பாக இருக்கும் நாளில் பாதியில் திரும்பிவிடலாம். ஒரு முனையில் எடுத்து மறுமுனையில் விடுகிற பாதையில் அந்தச் சௌகரியம் இல்லை. பெரிய படகு வசதி என்று 15 மீட்டர் எடுக்காதீர்கள், 11, 12 மீட்டர் உங்களுக்குத் தாராளம், திருப்புவதும் எளிது. முதல் நாள் படகு கைக்கு வரும்போதே மாலையாகிவிடும். ஒப்படைக்கிறவர் இருபது நிமிடத்தில் முடித்துக்கொள்ளப் பார்த்தால் விடாதீர்கள். அவர் பக்கத்தில் நிற்க, நீங்களும் கணவரும் ஆளுக்கு ஒருமுறை கரை விட்டுக் கரை சேர்ந்து காட்டுங்கள். அன்றிரவு அதே துறையில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பலாம்.

மாமியாருக்காகப் பதிவுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நிறுவனத்திடம் படகின் தள வரைபடத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு இடத்திலும் படி எத்தனை என்று குறித்துத் தரச் சொல்லுங்கள்: கரையிலிருந்து தளத்துக்கு, தளத்திலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து படுக்கைக்கு, படுக்கையிலிருந்து கழிவறைக்கு. பிரிட்டனின் குறுகிய கால்வாய்ப் படகுகள் 2 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய அகலம்தான். உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், ஏறி இறங்கும் படி செங்குத்து. பக்கவாட்டில் கதவு வைத்து ஒரே மட்டத்தில் தளம் போட்ட படகுகளும் உண்டு, தேடினால் கிடைக்கும். கூடத்து சோபாவை இரவில் விரித்துப் படுக்கையாக்கும் இடத்தை அவருக்குக் கொடுக்காதீர்கள். அது தாழ்வு, எழுந்திருக்கப் பிடிமானம் இருக்காது, காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து மடிக்க வேண்டிவரும். நிலையான கட்டில், அதே மட்டத்தில் கழிவறை, இரவில் எரியும் ஒரு சின்ன விளக்கு. இந்த மூன்றும் உள்ள படகு எந்த நீரில் கிடைக்கிறதோ அதை முதலில் பாருங்கள். வரைபடம் கையில் வந்ததும் இங்கேயே போடுங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.